சூப் டப்பா லேபிளை அப்படியே வரைஞ்சா அது எப்படி ஓவியம் ஆகும்? பாப் ஆர்ட் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

லேபிள்செல்வம்:

வணக்கம் நண்பர்களே. நான் 14 வருஷமா ஒரு ஆஃப்செட் பிரஸ்ல லேபிள் ஆர்ட்வொர்க் பண்றேன், ஊறுகாய் பாட்டில், சோப்பு கவர், மத்தாப்பு பெட்டின்னு எல்லாம் நம்ம கையில தான் போகும். போன வாரம் பொண்ணோட ஸ்கூல் ட்ராயிங் புக்ல ஒரு படம் பாத்தேன், வரிசையா சூப் டப்பா, செவப்பும் வெள்ளையும், கீழ ஆண்டி வார்ஹோல், 1962, நியூயார்க் மியூசியம்னு போட்டிருக்கு. பொண்ணு கேக்குறா, அப்பா இது நீங்க பண்ற மாதிரியே தான இருக்கு, உங்களுது ஏன் மியூசியத்துல வைக்கலன்னு. என்ன சொல்றதுன்னே தெரியல.

கோபத்துல கேக்கல, உண்மையாவே புரிஞ்சுக்கணும்னு தான் கேக்குறேன். இது எங்க ஆரம்பிச்சுது, ஏன் அந்த நேரத்துல ஆரம்பிச்சுது, ஒரு படத்தைப் பாத்து இது பாப் ஆர்ட்னு எதை வச்சு சொல்றாங்க, அப்புறம் அந்த டப்பாவுக்கு மொதல்ல லேபிள் போட்டானே ஒருத்தன் அவனுக்கு இதுல இடம் உண்டா இல்லையா. நெட்ல தேடினா எல்லாம் ரெண்டு வரில முடிச்சிடுறாங்க, ஜனங்களோட கலைன்னு ஒரு வார்த்தை. அது எனக்குப் பத்தல. பொறுமையா எழுதுறவங்க யாராவது இருந்தா எழுதுங்க, எவ்வளவு நீளமா இருந்தாலும் படிப்பேன்.

காகிதக்கப்பல்:

செல்வம் அண்ணா, இந்தக் கேள்வியை ஒரு லேபிள் ஆர்ட்டிஸ்ட் கேக்குறதுல தான் எனக்கு சந்தோஷமே, ஏன்னா பாப் ஆர்ட்டோட கதையே உங்க மாதிரி வேலை பாத்தவங்க கதை தான். நான் ஓவிய வரலாறு படிச்சவ, எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு, இது அமெரிக்காவுல ஆரம்பிக்கல. லண்டன்ல ஆரம்பிச்சுது, அதுவும் பசியில ஆரம்பிச்சுது. ரெண்டாம் உலகப்போர் 1945ல முடிஞ்சாலும் பிரிட்டன்ல ரேஷன் முடியல, கறிக்கு இருந்த ரேஷன் போய் மொத்தமா எடுத்தது 1954 ஜூலைல தான். குண்டு விழுந்த கட்டடம் எல்லாம் அப்படியே கெடக்கு, வீட்ல ஃப்ரிட்ஜ் கிடையாது, மிட்டாய்க்குக் கூட கூப்பன். அந்த நேரத்துல அமெரிக்க சிப்பாய்ங்க படிச்சுட்டுப் போட்ட பத்திரிகைங்க கைக்கு வருது, தொறந்தா பளபளன்னு கார், தக்காளி ஜூஸ், பழத்துண்டு வச்ச கேக், சிரிக்கிற பொம்பளை, கோக். அதைப் பாத்தவங்களுக்கு அது விளம்பரமா தெரியலண்ணா, இன்னொரு கிரகம் மாதிரி தெரிஞ்சிருக்கு.

எடுவார்டோ பவோலோட்ஸின்னு ஒருத்தர், எடின்பர்க் பக்கம் லீத்ல பொறந்தவர், அப்பா அம்மா இத்தாலிக்காரங்க, ஐஸ்கிரீம் கடை வச்சிருந்தாங்க. 1940ல இத்தாலி போர்ல எறங்கின உடனே இவரைப் பிடிச்சு உள்ள போட்டாங்க, அப்பா தாத்தா மாமா மூணு பேரையும் கப்பல்ல ஏத்தி நாடு கடத்துனாங்க, அரண்டோரா ஸ்டார்ங்கிற அந்தக் கப்பலை ஜெர்மன்காரன் மூழ்கடிச்சு மூணு பேரும் போயிட்டாங்க. இந்த மனுஷன் பின்னாடி பாரிஸ்ல இருந்தப்ப பத்திரிகைப் படத்தை எல்லாம் வெட்டி ஒட்ட ஆரம்பிக்கிறார். 1947ல ஒட்டின ஒரு படத்துல ஒரு பொண்ணு, ஒரு கோக் பாட்டில், ஒரு பாம்பர் விமானம், அவ முகத்துக்கு நேரா ஒரு துப்பாக்கி, அதுலருந்து வர்ற புகைல "பாப்!"னு எழுதியிருக்கும். இந்த வார்த்தை இந்த மாதிரி படத்துல மொதல்ல வந்த எடம்னு இதைத் தான் சொல்வாங்க, இப்ப லண்டன் டேட் மியூசியத்துல இருக்கு. அவ்வளவு இனிப்பான படங்களுக்கு நடுவுல துப்பாக்கியும் குண்டு விமானமும் ஏன் வந்துச்சுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன், அந்த வீட்டுக் கதை தெரிஞ்சப்புறம் அந்தப் படத்தைச் சும்மா பாத்துட்டுப் போக முடியல.

1952ல இவரும் இன்னும் சிலரும் லண்டன்ல இன்டிபெண்டன்ட் குரூப்னு ஒண்ணு சேந்தாங்க, ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன், விமர்சகர் லாரன்ஸ் அலோவே, கட்டடக்கலை ஆளுங்க ஸ்மித்சன் தம்பதி, ரேனர் பேன்ஹாம்னு. பவோலோட்ஸி அங்க ஒரு நாள் இந்த விளம்பரம், காமிக்ஸ், அட்டைப்படம் எல்லாத்தையும் புரொஜெக்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக் காட்டுனார். இதை எல்லாம் பேசுற விஷயமா எடுத்துக்கலாம்னு அங்க இருந்த பல பேருக்கு அப்ப தான் ஒறைச்சுது.

அப்புறம் 1956, வைட்சேப்பல் கேலரில ஒரு எக்ஸிபிஷன், அதோட கேட்டலாக்குக்கும் போஸ்டருக்கும் ஹாமில்டன் ஒரு கொலாஜ், அதாவது படங்களை வெட்டி ஒட்டின படம், பண்ணினார், சைஸ் பாத்தா 10 இஞ்ச் தான் இருக்கும். ஒரு ஹால், ஒரு பாடிபில்டர் கையில பெரிய லாலிபாப், அதுல பாப்னு எழுதியிருக்கு, சோஃபால ஒரு பொண்ணு, மேஜை மேல டின்ல அடைச்ச பன்னிக்கறி, டிவி, டேப் ரெக்கார்டர், மாடிப்படில வேக்யூம் கிளீனர் விளம்பரம், செவுத்துல சாமி படம் மாட்டுற மாதிரி ஃப்ரேம் போட்டு ஒரு காமிக்ஸ் அட்டை. அதுல இருக்கிற பாதிக்கு மேல பொருள் லண்டன்ல பல வீட்டுல கிடையாது. அமெரிக்கா போயிட்டு வந்த ஜான் மெக்ஹேல்ங்கிற நண்பர் ஒரு டிரங்குப் பெட்டி நெறைய பத்திரிகை கொண்டாந்தார், அதுலருந்து வெட்டினது. அந்தக் கொலாஜ் ஆசையும் கிண்டலும் ரெண்டும் சேந்தது, எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது.

இதுல எல்லாரும் தவற விடுற ஒரு விஷயம் இருக்குண்ணா. 1957 ஜனவரில ஹாமில்டன் ஸ்மித்சன் தம்பதிக்கு ஒரு லெட்டர் எழுதுனார், அதுல பாப் ஆர்ட்னா என்னன்னு ஒரு பட்டியல், ஜனங்களுக்காகப் பண்ணினது, கொஞ்ச நாள் தான் இருக்கும், பாத்துட்டுத் தூக்கிப் போடுறது, விலை கம்மி, மொத்தமா தயாரிக்கிறது, இளசுங்களுக்கானது, குறும்பு, கவர்ச்சி, மினுமினுப்பு, பெரிய பிசினஸ்னு போகும். இதை எல்லாரும் பாப் ஆர்ட் ஓவியத்துக்கு இலக்கணம் மாதிரி எடுத்துப் போடுறாங்க. ஆனா அவர் அப்ப சொன்னது ஓவியத்தை இல்ல! விளம்பரம், சினிமா, லேபிள், பேக்கிங், இதைத் தான் பாப் ஆர்ட்னு சொன்னாங்க அந்தக் காலத்துல. அந்தப் பேர் மொதல்ல உங்க வேலைக்கு வச்ச பேருண்ணா, ஓவியருங்க கைக்கு அது அப்புறமா தான் போச்சு. பொண்ணு கிட்ட இதைச் சொல்லுங்க.

லேபிள்செல்வம்:

ரொம்ப நன்றிம்மா, கடைசி பாராவை மூணு தடவை படிச்சேன், வீட்லயும் படிச்சுக் காட்டினேன். கறி ரேஷன்ல இருக்கிற ஆளு டின் கறி படத்தை வெட்டி ஒட்டுறது எனக்கு நல்லா புரியுது. ஆனா வார்ஹோல் அமெரிக்காவுல தான இருந்தார், அங்க சூப் டப்பா எல்லாக் கடைலயும் கெடைக்கும், அவருக்கு என்ன ஏக்கம்? அவர் எதுக்கு வரைஞ்சார்?

ஸ்க்வீஜிமணி:

தம்பி செல்வம், நான் பனியன் பிரிண்டிங், ஸ்கிரீன் தள்ளித் தள்ளியே தோள்பட்டை போன ஆளு. வார்ஹோல் பத்தி எங்க தொழில் கண்ணோட சொல்றேன், படிப்பு விஷயம் அந்தப் பொண்ணு சொல்லட்டும்.

அவர் 1928ல பிட்ஸ்பர்க்ல பொறந்தவர், இப்ப ஸ்லோவாக்கியான்னு சொல்ற பக்கத்துலருந்து பொழைக்க வந்த குடும்பம், ஏழைங்க. 1949ல காலேஜ் முடிச்சு நியூயார்க் வந்து விளம்பரத்துக்குப் படம் போட்டே பேர் வாங்குனார், செருப்புக் கம்பெனிக்கு ஷூ ஷூவா வரைஞ்சு தள்ளியிருக்கார். அவர் கோடு போடுற வித்தை என்னன்னா, ஒரு பேப்பர்ல இங்க்ல கொஞ்சம் வரைஞ்சு காயறதுக்குள்ள இன்னொரு பேப்பர்ல ஒத்தி எடுப்பார், கோடு விட்டு விட்டு விழும், அது தான் வேணும் அவருக்கு. பாருங்க, பெயிண்டர் ஆகுறதுக்கு முன்னாடியே அவர் பிரிண்டர்.

சூப் டப்பா 32, ஒவ்வொண்ணும் ஒரு ருசி, கம்பெனி அப்ப 32 வகை வித்துட்டு இருந்துச்சு. கான்வாஸ் ஒண்ணு 20 இஞ்ச் 16 இஞ்ச். பல பேர் இது ஸ்கிரீன் பிரிண்ட், அதாவது சட்டத்துல கட்டின வலை வழியா மையைத் தள்ளி அடிச்சதுன்னு நெனைக்கிறாங்க, இல்ல தம்பி, கையால பெயிண்ட் பண்ணினது, ஸ்டென்சில் வச்சு, கீழ வரிசையா பூ டிசைன் வருதுல்ல அது ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒத்தினது. நடுவுல தங்க மெடல் இருக்கே, நெசமான லேபிள்ல அதுல குட்டிக் குட்டியா உருவம் எல்லாம் இருக்கும், அவர் அதை விட்டுட்டு வெறும் மஞ்ச வட்டமா போட்டுட்டார். ஒண்ணுக்கொண்ணு அச்சு அசலா இருக்கும், ஆனா பக்கத்துல போய் பாத்தா ஒத்தினது ஒண்ணு கொஞ்சம் சாஞ்சிருக்கும். மனுஷன் மிஷினா மாற முயற்சி பண்ணின வேலை அது. நீங்க கேட்ட ஏக்கம் பத்தி, இருபது வருஷமா மதியம் அதே சூப்பைத் தான் குடிச்சேன்னு அவரே சொல்லியிருக்கார். லண்டன்காரனுக்குக் கெடைக்காத பொருள், இவருக்கு தினம் தினம் கெடைச்ச பொருள், என் புத்திக்கு இது தான் வித்தியாசம். தினம் பாத்துப் பாத்து கண்ணுக்கே தெரியாம போன ஒண்ணை நிமிந்து பாக்க வச்சார்.

1962 ஜூலைல லாஸ் ஏஞ்சலஸ்ல ஃபெரஸ் கேலரில வச்சாங்க, செவுத்துல ஒரு சின்ன பலகை அடிச்சு அது மேல வரிசையா, கடை ஷெல்ஃப் மாதிரியே. ஒண்ணு 100 டாலர். அஞ்சாறு தான் போச்சு. பக்கத்துல இருந்த இன்னொரு கேலரிக்காரர் நெசமான சூப் டப்பாவை அடுக்கி எங்க கிட்ட இன்னும் விலை கம்மின்னு ஜன்னல்ல வச்சாராம். அப்புறம் கேலரி நடத்துன இர்விங் ப்ளம் தான் 32ம் பிரியக் கூடாதுன்னு வித்ததைத் திருப்பிக் கேட்டு வாங்கி, மொத்தமா 1000 டாலருக்கு, மாசம் 100 தவணைல தானே எடுத்துக்கிட்டார். 1996ல நியூயார்க் மியூசியம் வாங்கினப்ப 15 மில்லியன் டாலர்னு கணக்கு.

ஸ்கிரீனுக்கு அவர் வந்தது அதே 1962 ஆகஸ்ட். மர்லின் மன்றோ செத்த மாசம். பத்து வருஷத்துக்கு முந்தின சினிமா விளம்பர ஃபோட்டோ ஒண்ணை எடுத்து, ஸ்கிரீன் போடுற கடைல குடுத்து பெருசு பண்ணி எமல்ஷன்ல, அதாவது வலை மேல பூசுற வெளிச்சம் பட்டா இறுகுற பூச்சுல, எறக்கி வாங்கினார். வேலை எப்படின்னா, உதட்டுக்கு செவப்பு, கண்ணுக்கு மேல நீலம், முடிக்கு மஞ்சன்னு மொதல்ல கான்வாஸ்ல பிரஷ்ல அடிச்சுட்டு, அது மேல கறுப்பு ஸ்கிரீனை வச்சு ஸ்க்வீஜி, அதான் மையைத் தள்ளுற ரப்பர் பட்டை, இழுக்குறது. இப்ப டேட்ல இருக்கிற பெரிய படத்துல 50 மூஞ்சி, இடது பக்கம் 25 கலர்ல, வலது பக்கம் 25 வெறும் கறுப்பு வெள்ளைல. வலது பக்கம் போகப் போக ஒண்ணு மை ஈஷி இருட்டா இருக்கும், ஒண்ணு மை பத்தாம மங்கும், கடைசி வரிசைல ஆளே காணாம போற மாதிரி இருக்கும். உதடு தள்ளி நிக்கும், ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு கலர் மேல இன்னொண்ணு சரியா பொருந்துறது, போயிருக்கும். எங்க கடைல அந்த மாதிரி ஒரு பீஸ் வந்தா ரிஜெக்ட்னு ஓரமா போட்டுடுவோம். அவர் அதைத் தான் வச்சார். செத்துப் போன ஒரு பொண்ணோட மூஞ்சியை 50 தடவை இழுத்து, மை தீரத் தீர அவ மறையறதை அப்படியே விட்டிருக்கார். அந்தப் படத்தை முதல்ல பாத்தப்ப எனக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு தம்பி, நம்ம தப்புன்னு ஒதுக்குற விஷயத்தாலயே ஒருத்தன் துக்கம் சொல்லியிருக்கானேன்னு.

சித்திரக்கதைப்பிரியன்:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க, ஆனா செல்வம் கேட்ட கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, லேபிள் போட்டவனுக்கு என்ன கெடைச்சுதுன்னு. நான் காமிக்ஸ் சேக்குறவன், எங்க பக்கத்துல இது 60 வருஷத்து காயம்.

ராய் லிக்டன்ஸ்டைன், வார்ஹோலுக்கு அடுத்த பெரிய பேரு. 1963ல வரைஞ்ச "வாம்!", ரெண்டு பேனல், சேத்தா 4 மீட்டர் அகலம், ஒரு ஃபைட்டர் விமானம் இன்னொண்ணைச் சுட்டு வெடிக்க வைக்குது, டேட்ல தான் இருக்கு, 1966லயே வாங்கிட்டாங்க. அது 1962ல வந்த டிசி காமிக்ஸ் போர்க்கதைல இர்வ் நோவிக் வரைஞ்ச கட்டத்துலருந்து வந்தது. அதே 1963ல கண்ணீர் விட்டுட்டே தண்ணில மூழ்குற பொண்ணு ஒண்ணு வரைஞ்சார், அது டோனி அப்ருஸோ வரைஞ்ச காதல் கதைக் கட்டம். நோவிக் அப்ருஸோ பேரை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் காலத்துல காமிக்ஸ் ஆளுங்களுக்கு பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி, உரிமை எல்லாம் கம்பெனிக்கு, பல கதைல வரைஞ்சவன் பேரே போட மாட்டாங்க. லிக்டன்ஸ்டைனோட "மாஸ்டர்பீஸ்" 2017ல 165 மில்லியன் டாலருக்குப் போச்சு. ஹாமில்டன் செவுத்துல ஃப்ரேம் போட்டு மாட்டின அட்டை கூட ஜாக் கிர்பி வரைஞ்சது தான், அதுவும் யாரும் சொல்றதில்ல.

நியாயமா அவர் பண்ணினதையும் சொல்லணும். அவர் டிரேஸ் மட்டும் எடுக்கல. காமிக்ஸ் கட்டத்தைப் பாத்து சின்னதா கையால வரைஞ்சுக்குவார், அதை புரொஜெக்டர்ல கான்வாஸ் மேல அடிச்சு கோடு எடுப்பார், கோட்டை மாத்துவார், வேண்டாததைத் தூக்குவார். அந்த மூழ்குற பொண்ணு மூலக் கதைல பின்னாடி கவுந்த படகைப் பிடிச்சுட்டு ஒரு பையன் இருக்கான், பொண்ணு தனக்கு தசை பிடிச்சுக்கிச்சுன்னு வேற சொல்றா. இவர் பையனை எடுத்துட்டார், தசை பிடிச்ச வசனத்தைத் தூக்கிட்டார், பையன் பேரையும் பிராட்னு மாத்திட்டார். மிச்சம் இருக்கிறது அலை, அழுகை, உதவி கேக்குறதுக்கு மூழ்கிடலாம்ங்கிற வீம்பு. அது வேற படமா ஆயிடுச்சு, அதை ஒத்துக்கிறேன்.

அந்தப் புள்ளி செல்வம், உங்க தொழில் விஷயம். அது ஹாஃப்டோன் இல்ல. ஹாஃப்டோன்ல புள்ளி பெருசு சின்னதா மாறும், நிழல் வரும். இது பென் டே புள்ளி, எல்லாம் ஒரே சைஸ் ஒரே இடைவெளி, மலிவான அச்சுல தோல் கலருக்கு செவப்பு, வானத்துக்கு நீலம்னு தட்டையா நிரப்புறதுக்கு. பெஞ்சமின் டேங்கிற அச்சுக்காரர் 1879ல கொண்டு வந்த முறை, அதான் அந்தப் பேரு. லிக்டன்ஸ்டைன் ஆரம்பத்துல நாய்க்குச் சீவுற பிரஷ்ல மை தொட்டு ஒத்தியிருக்கார், அப்புறம் ஓட்டை போட்ட தகட்டை ஸ்டென்சிலா வச்சார். மிஷின் ஒரு நொடில போடுறதை இவர் கையால மணிக்கணக்கா போட்டார். 1964ல லைஃப் பத்திரிகை இவர் தான் அமெரிக்காவுலயே மோசமான ஓவியரான்னு தலைப்பு போட்டுது. திறமை இல்லன்னு நான் சொல்லல. ஒரு சின்ன அட்டைல "இர்வ் நோவிக் படத்தைப் பாத்து"ன்னு அந்தக் காலத்துலயே எழுதி வச்சிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்னு தான் கேக்குறேன்.

காகிதக்கப்பல்:

சித்திரக்கதை அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு சரி, இதை நான் முதல் பதில்லயே எழுதியிருக்கணும். செல்வம் அண்ணா, உங்களுக்கு நேரா பதில் சொல்ற ஒரு ஆள் இருக்கார், ஜேம்ஸ் ஹார்வி.

1964 ஏப்ரல்ல நியூயார்க் ஸ்டேபிள் கேலரில வார்ஹோல் பிரில்லோ பெட்டிங்களை அடுக்கி வச்சார், பாத்திரம் தேய்க்கிற சோப்பு நார் கம்பெனி அட்டைப்பெட்டி மாதிரியே, ஆனா பிளைவுட்ல தச்சன் கிட்ட செஞ்சு வாங்கி, மேல லேபிளை ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணினது. கூடவே கெச்சப், கார்ன் ஃப்ளேக்ஸ் பெட்டிங்களும். கேலரியே குடோன் மாதிரி ஆயிடுச்சு. அந்த ஓப்பனிங்குக்கு வந்தவங்கள்ல ஹார்வி ஒருத்தர். அவர் பகல்ல பேக்கேஜிங் டிசைனர், தன் நேரத்துல சீரியஸா ஆப்ஸ்ட்ராக்ட் ஓவியம், அதாவது எந்தப் பொருளோட உருவமும் இல்லாத ஓவியம், வரையிறவர், பிரில்லோ பெட்டியோட அந்த செவப்பு நீல அலை டிசைன் 1961ல அவர் போட்டது. உள்ள வந்து தன் பெட்டியைப் பாத்து அதிர்ந்து போனார். அவரோட ஓவியம் ஒரு கேலரில, அவர் சோத்துக்காகப் பண்ணின டிசைன் இன்னொரு கேலரில வேற ஆள் பேர்ல. அடுத்த வருஷமே, 1965ல, புற்றுநோய்ல போயிட்டார். ஆர்தர் டான்ட்டோங்கிற தத்துவ ஆசிரியர் இந்தப் பெட்டியைப் பாத்துட்டு தான், கடைல இருக்கிறதும் கேலரில இருக்கிறதும் கண்ணுக்கு ஒண்ணா இருந்தா எதை வச்சு ஒண்ணைக் கலைங்கிறோம்னு பெரிய கட்டுரை எழுதுனார், அந்தக் கேள்வி தத்துவத்துல இன்னும் ஓடுது. ஆனா நான் அந்தப் பெட்டியைப் பத்தி யார் கிட்ட பேசினாலும் ஹார்வி பேரை மொதல்ல சொல்லிடுவேன், அது எனக்கு ஒரு கடமை மாதிரி.

ஏன் அமெரிக்காவுல அந்த நேரம்னு கேட்டீங்க. அங்க அப்ப ஆப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் தான் ராஜா, போலாக் பெயிண்டைத் தெளிக்கிறது, ராத்கோ பெரிய பெரிய கலர்ப் பரப்பு, ஓவியன் மனசு அப்படியே கான்வாஸ்ல கொட்டணும்னு ஒரு நம்பிக்கை. போலாக் 1956ல கார் விபத்துல செத்தார். அதுக்கு முன்னாடியே ஜாஸ்பர் ஜான்ஸ் 1954ல அமெரிக்கக் கொடியை வரைய ஆரம்பிச்சிட்டார், கொடியோட படமா கொடியேவான்னு சொல்ல முடியாத மாதிரி. ராஷென்பர்க் தன் படுக்கையை எடுத்து மேல பெயிண்ட் ஊத்தி செவுத்துல மாட்டினார். அடுத்து வந்தவங்களுக்கு மனசைக் கொட்டுறதுல ஆர்வம் இல்ல, வெளிய டிவி, சூப்பர் மார்க்கெட், ஹைவே ஓரத்து போர்டு இதெல்லாம் கண்ணை நெறைச்சு நிக்கும்போது அதை விட்டுட்டு எதை வரையிறதுன்னு கேட்டாங்க. 1962 கடைசில சிட்னி ஜானிஸ் தன் கேலரில இந்தப் புது ஆளுங்களைச் சேத்து காட்டினப்ப ராத்கோ, மதர்வெல், கஸ்டன், காட்லீப்னு அந்த ஆப்ஸ்ட்ராக்ட் ஓவியருங்க நாலு பேரும் அந்த கேலரியை விட்டே வெளிய போயிட்டாங்க. அவ்வளவு கோபம்.

எதை வச்சு அடையாளம்னா, எனக்கு மொதல்ல கண்ணுல படுறது படத்துல கை ரேகை இல்லாம பண்ண எடுக்கிற முயற்சி. தட்டையான கலர், அச்சுக் கோடு, திரும்பத் திரும்ப ஒரே உருவம், ஏற்கனவே யாரோ படமா போட்ட ஒண்ணைப் படம் போடுறது. அதாவது தக்காளியை வரைய மாட்டாங்க, தக்காளி விளம்பரத்தை வரைவாங்க. அப்புறம் சைஸ். ஜேம்ஸ் ரோஸன்க்விஸ்ட் டைம்ஸ் ஸ்கொயர்ல சாரத்துல தொங்கிட்டு பெரிய விளம்பரப் பலகை பெயிண்ட் பண்ணின தொழிலாளி, கூட வேலை பாத்தவங்க விழுந்து செத்தப்புறம் அந்த வேலையை விட்டார். மூக்கு முன்னாடி ஒரு ஆள் அளவுக்கு ஸ்பாகெட்டியை வரையும்போது அது என்னன்னே தெரியாது, வெறும் ஆரஞ்சு கலர் தான்னு அவருக்கு அனுபவத்துல தெரியும். அதை வச்சு 1964, 65ல எஃப் 111ங்கிற போர் விமானத்தை 86 அடி நீளத்துக்கு வரைஞ்சார், நடு நடுல டயர், கேக், முடி காய வைக்கிற மிஷினுக்குள்ள உக்காந்து சிரிக்கிற சின்னப் பொண்ணு, அணுகுண்டு மேல ஒரு கலர் குடை. வியட்நாம் போர் நேரம். பாப் ஆர்ட்ல அரசியல் இல்லன்னு சொல்றவங்களை இதுக்கு முன்னாடி கொண்டு போய் நிக்க வைக்கணும்.

இன்னொரு ஓவியர் பேர் சொல்லிட்டு முடிக்கிறேன், பாலின் போட்டி (Pauline Boty). லண்டன், 1938ல பொறந்தவ. ஆம்பளைங்க எல்லாம் மர்லினைப் படமா பாத்து வரைஞ்சாங்க, இவ மர்லினை ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணைப் பாக்குற மாதிரி வரைஞ்சா. கர்ப்பமா இருக்கும்போது கேன்சர்னு தெரிஞ்சுது, குழந்தைக்கு ஆகாதுன்னு சிகிச்சை வேண்டாம்னுட்டா, 1966ல 28 வயசுல போயிட்டா. ஓவியம் எல்லாம் அண்ணன் பண்ணைல ஒரு கொட்டகைல முப்பது வருஷம் கிட்ட கெடந்துச்சு, 1990கள்ல தான் வெளிய வந்துச்சு. இப்ப டேட் கிட்ட ஒண்ணு இருக்கு. எங்க காலேஜ்ல பாப் ஆர்ட் பாடத்துல அவ பேர் ஒரு வரி கூட இல்ல, நானா தேடிக் கண்டுபிடிச்சப்ப அழுகையே வந்துடுச்சு.

லேபிள்செல்வம்:

ஜேம்ஸ் ஹார்வி பேரை எழுதி என் டேபிள் மேல ஒட்டிட்டேன். பென் டே புள்ளின்னு இன்னைக்கு தான் பேர் தெரியும், நான் தினம் லூப் (அச்சு பாக்குற பூதக்கண்ணாடி) வச்சுப் பாக்குறது ஹாஃப்டோன், பழைய படக்கதை புக்கை எடுத்து லூப்ல பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே ஒரே சைஸ் புள்ளி வரிசையா நிக்குது. பொண்ணுக்கும் காட்டினேன், அரை மணி நேரம் விடவே இல்ல.

கடைசியா ஒண்ணு கேக்கணும். அந்த சூப் கம்பெனிக்காரன் சும்மாவா இருந்தான்? எங்க பார்ட்டிங்க லோகோ ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே லாயர் நோட்டீஸ்ங்கிறாங்க. அப்புறம் இதுல ஓவியம் சாமானியன் கைக்குப் போச்சா, இல்ல பணக்காரன் வீட்டு செவுத்துக்கே திரும்பப் போயிடுச்சா?

சித்திரக்கதைப்பிரியன்:

நோட்டீஸ் பத்தி ஒரு வரி. சூப் கம்பெனி கேஸ் போடல, ஆனா ஃபோட்டோ எடுத்தவங்க விடல. 1964ல வார்ஹோல் வரைஞ்ச பூக்கள் படம் பட்ரீசியா கால்ஃபீல்ட் எடுத்த செம்பருத்தி ஃபோட்டோ, பத்திரிகைலருந்து எடுத்தது, அவங்க கேஸ் போட்டு கடைசில சமரசம் ஆச்சு. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த ஃபோட்டோவை வச்சு வார்ஹோல் படம் பண்ணின விஷயத்துல அவங்க போராடி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல 2023ல 7க்கு 2ன்னு ஜெயிச்சாங்க. வார்ஹோல் செத்து 36 வருஷம் கழிச்சு. நோவிக்குக்கு அப்படி ஒரு கோர்ட் கெடைக்கல.

ஸ்க்வீஜிமணி:

தம்பி, சாமானியன் கைக்குப் போச்சான்னு கேட்டீங்க, போன எடம் ஒண்ணு இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு கன்னியாஸ்திரீ, சிஸ்டர் கொரிட்டா, காலேஜ்ல ஓவியம் சொல்லிக் குடுத்தவங்க. அந்த 1962 சூப் டப்பா காட்சியைப் போய் பாத்துட்டு வந்தாங்க. அவங்க ஏற்கனவே ஸ்கிரீன் பிரிண்ட் பண்றவங்க, சாமி படம் தான். அதுக்கப்புறம் ரொட்டி பாக்கெட் மேல இருக்கிற கலர்க் கலரான பொட்டு, தக்காளி டின் விளம்பர வாசகம் இதை எல்லாம் எடுத்து ஜெபத்தோட சேத்து அடிச்சாங்க. ரொட்டி பாக்கெட்னா சாமானியன் அப்பம் தான, பூசைல வர்ற அப்பம் மாதிரி அதையும் பாத்தாங்க. பிரிண்ட் எல்லாம் யாரும் வாங்கிக்கிற விலைல குடுத்தாங்க, ஸ்டூடண்ட்ஸ் கூட நின்னு ஸ்க்வீஜி இழுப்பாங்க. மேலிடத்துக்கு ஆகல, 1968ல மடத்தை விட்டு வந்துட்டாங்க. அவங்க வேலையைப் பாத்துட்டு தான் நான் எங்க கடைப் பசங்க கிட்ட எழுத்தை நேரா மட்டும் வைக்காதீங்கடா, வளைச்சும் பாருங்கன்னு சொல்ல ஆரம்பிச்சேன்.

சூப் கம்பெனி விஷயம். 1964 மே மாசம் அவங்க மார்க்கெட்டிங் மேனேஜர் வார்ஹோலுக்கு லெட்டர் எழுதுனார், உங்க வேலையை ரசிக்கிறோம், உங்களுக்குத் தக்காளி சூப் பிடிக்கும்னு கேள்விப்பட்டோம், ரெண்டு பெட்டி அனுப்புறோம்னு. ரெண்டு வருஷம் கழிச்சு அவங்களே ஒரு காரியம் பண்ணாங்க, பேப்பர்ல ஒரு கவுன், உடம்பு பூரா அவங்க லேபிள் வரிசை வரிசையா, வார்ஹோல் பண்ணின மாதிரியே. 1 டாலரும் சூப் டப்பாலருந்து உரிச்ச ரெண்டு லேபிளும் அனுப்பினா தபால்ல வீட்டுக்கு வரும். லேபிள் ஓவியமாச்சு, ஓவியம் திரும்ப லேபிளாச்சு, அந்தக் கவுன் இப்ப மியூசியத்துல இருக்கு.

லேபிள்செல்வம்:

பேப்பர் கவுனா! அதுல எப்படி பிரிண்ட் எடுத்திருப்பாங்க அண்ணே, ஆஃப்செட்டா?

ஸ்க்வீஜிமணி:

ஸ்கிரீன் தான் தம்பி. வெறும் பேப்பர் இல்ல, பேப்பர் நார்ல கொஞ்சம் பருத்தி கலந்தது. துவைக்கக் கூடாதுன்னு உள்ள எழுதியே குடுத்தாங்க, தண்ணில போட்டா தீப்பிடிக்காம இருக்கப் போட்ட பூச்சு போயிடுமாம். சுருக்கம் விழுந்தா லேசா அயர்ன் பண்ணிக்கலாம், நீளமா இருந்தா கத்திரிக்கோல்ல வெட்டிக்கலாம். உங்க பொண்ணுக்கு லேபிள் வேஸ்ட் ஷீட்ல ஒண்ணு தச்சுக் குடுங்க, போட்டோ போடுங்க இங்க.